பேட்டரிக்கு நம்மூர் ஒத்துப்போகிறது, கேமராவுக்கு இன்னும் இல்லை

"எம்புட்டுத் தூரம் ஓடும்?"

மதுரையில் கரண்ட் கார் வைத்திருப்பவரிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. கல்யாண மண்டபத்து வாசலில் வண்டிகளை ஒழுங்கு பண்ணுகிற அண்ணன் கேட்பார், டயருக்குக் காற்றுப் பிடிக்கிற தம்பி கேட்பார், சொந்தக்கார மாமா ஒருத்தர் போன் போட்டே கேட்பார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் இருப்பது 45 யூனிட் பிடிக்கிற பேட்டரி. ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் கிடைக்கும். நான்குவழிச் சாலையில் நூறில் போனால் ஆறுக்குக் கீழே இறங்கிவிடும். விளம்பரத்தில் போடுகிற தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது. அதில் அறுபது சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டால் வழியில் ஏமாற்றம் இருக்காது. திருச்சிக்குப் போய்ச் சார்ஜே போடாமல் மதுரை திரும்பிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எண்பதைத் தாண்டாமல் ஓட்டுகிறவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது கேள்வி கொஞ்ச நாளாகத்தான் வருகிறது. "தானா ஓட்டுமாமே, நெசமாவா?" விளம்பரங்களில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்.

கேட்பது இரண்டும் ஒரே வண்டியைப் பற்றித்தான். ஆனால் பதில்கள் வேறு வேறு பக்கம் போகின்றன. மின்சாரத்தில் ஓடுவது என்ற பாதி நம் சமவெளிக்கு அப்படியே பொருந்துகிறது. தானே பார்த்துத் தானே பிரேக் போடுவது என்ற மறுபாதி நம் சாலைகளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் புகழ்கிறவர்களும் உண்டு, சேர்த்துத் திட்டுகிறவர்களும் உண்டு. பிரித்துப் பேச வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம்.

உலகத்தில் மின்கார் அதிகம் பிடித்துப்போன நாடு நார்வே. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது, ஏறத்தாழ, மின்கார்தான். உறைபனி விழுகிற நாடு அது. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், சார்ஜ் ஏறுவது மெதுவாகும், உள்ளே சூடேற்றவே ஏகப்பட்ட மின்சாரம் போகும். அப்படிப்பட்ட இடத்திலேயே சமாளிக்கிறார்கள். நமக்கு மார்கழியில் அதிகாலை ஒரு சால்வை போதும். குளிரால் தூரம் குறைவது என்ற கவலையே கிடையாது. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, திருப்புவனம் என்று எந்தப் பக்கம் போனாலும் தரை தட்டையாக இருக்கிறது. மின்கார் விரும்புவது இதைத்தான்.

வெயில் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஏசி மணிக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் இழுக்கும். சாலையில் வேகமாகப் போகும்போது இது பெரிய விஷயமில்லை, ஒரு மணி நேரத்தில் எண்பது கிலோமீட்டர் போயிருப்போம். ஊருக்குள்தான் கணக்கு மாறும். காளவாசலிலிருந்து சிம்மக்கல் வருவதற்குள் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றால், சக்கரத்துக்குப் போன மின்சாரத்துக்குச் சமமாக ஏசிக்கும் போயிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நின்ற வண்டியைத் திறப்பதற்கு முன்னால் போனிலிருந்தே ஏசியைப் போட்டுவிடலாம். வயதான அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இந்த வண்டியைச் சொல்வேன். எஞ்சின் ஓடவேண்டிய தேவையில்லை, புகையில்லை, மரத்தடியில் நிறுத்தி மணிக்கணக்கில் உள்ளே குளிராக உட்கார்ந்திருக்கலாம்.

பேட்டரிக்கு வெயில் நல்லதில்லைதான். ஆனால் அதில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இங்கேதான் மதுரைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒருவர் வருகிறார்.

பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டமும் முதுநிலையும் படித்தார், சென்னை ஐஐடியில் 1981-ல் முனைவர் பட்டம் வாங்கினார், பிறகு நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற அதே பல்கலைக்கழகத்தில், அதற்குள் காமராசர் பெயர் சேர்ந்திருந்தது, விரிவுரையாளராக வேலை பார்த்தார். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் ஆய்வகத்துக்குப் போய், அடுத்த ஆண்டு அவரோடு டெக்சாஸ் போனார். அங்கே 1980-களின் கடைசியில் அவர்கள் கண்டது இது: பேட்டரியின் நேர்முனையில் இரும்பை வைக்கலாம். இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் அதிலிருந்து கிடைக்கிற வோல்டேஜ் குறைவு. இரும்போடு வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்பேட் போன்ற கூட்டு அயனியைச் சேர்த்தால் அந்த வோல்டேஜ் மேலே ஏறுகிறது. மாலிப்டேட்டில் 3.0 வோல்ட் வந்தது, சல்பேட்டில் 3.6.

இந்த வழியிலேயே போய்த்தான் 1997-ல் குட்இனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரண்டு இந்தியப் பெயர்கள் அந்தக் கட்டுரையில் இருக்கின்றன. இன்றைக்கு எல்எஃப்பி என்று ஷோரூம்களில் சொல்வது அதைத்தான். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், சூடு ஏறினாலும் அது எளிதில் பிரிந்து வெளியே வருவதில்லை. தீக்குத் தீனி கிடைப்பதில்லை. நிக்கல், கோபால்ட் கலந்த பேட்டரியைவிட எடை கூடுதல், ஆனால் அதைவிட வெயிலைத் தாங்கும், அதைவிட அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். நாற்பது டிகிரி அடிக்கிற ஊருக்கு வேறென்ன வேண்டும்?

2019-ல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். தேனி ரோட்டில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். ஊரில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. இந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்த நிறுவனம் அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். மின்கார் என்பது எங்கிருந்தோ வந்து இறங்கிய பொருள் என்று நினைக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்எஃப்பி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகைப் பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜ் அதிகம் மாறுவதில்லை. அதனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வண்டியே குழம்பும். வாரம் ஒரு தடவையாவது நூறு வரைக்கும் ஏற்றிவிடுங்கள், கணக்கு நேராகும். நிக்கல் வகைப் பேட்டரிக்கு இது நேரெதிர். அன்றாடம் எண்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் அதற்கு நல்லது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று வாங்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு விஷயம். கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பேட்டரியைப் பற்றி விசாரிக்கிறார்கள், எர்த்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. வண்டி வீட்டுக்கு வந்து, போர்ட்டிகோவில் பதினாறு ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. மதுரையின் பழைய வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. என் வீட்டிலும் நடந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வீடு கட்டுனப்ப போட்ட எர்த்து. அதுல தண்ணி ஊத்தியே பல வருசம் இருக்கும். ஃப்ரிட்ஜும் டிவியும் எதையும் சொல்லாது. இந்தக் காரு சொல்லிப்புடுச்சு பாத்தீங்களா."

அவர் சொன்னது முழு உண்மை. சார்ஜர் ஒவ்வொரு முறையும் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் மின்சாரத்தைத் திறந்துவிடாது. மழையில் நனைந்த தரையில் நின்றுகொண்டு இரும்பு உடம்பைத் தொடப்போகிற நமக்காகத்தான் அந்தப் பிடிவாதம். புதிதாகக் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். வைகைக் கரையை ஒட்டிய தெருக்களில் மண்ணில் ஈரம் இருக்கும், சீக்கிரம் சரியாகிவிடும். திருநகர், பசுமலைப் பக்கம் பாறையும் சரளையுமாக இருக்கிற இடங்களில் இன்னொரு குழி வேண்டியிருக்கும். கோடையில் மாதம் ஒரு தடவை குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். காருக்காகச் செய்த இந்த வேலையால் வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருந்ததும் நின்றுவிட்டது.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் வரை ஆகும். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட் என்பது ஒரு பெரிய படி. அதைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளில் கிடைக்கிற மலிவு விலையும் கையைவிட்டுப் போகும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. அந்த உச்ச விலையில் போட்டாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்தான் வருகிறது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் கார் ஆறரை ரூபாய் கேட்கும். மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டவர்களுக்கு நம்மூர் வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கிறது. 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. பன்னிரண்டு யூனிட் என்றால் எழுபது கிலோமீட்டர். மதுரைக்குள் யாரும் ஒரு நாளில் அவ்வளவு தூரம் ஓட்டுவதில்லை.

பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்டுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. மதுரையில் பஸ் ஓட்டிப் பெரிய நிறுவனமாக வளர்ந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியிலிருந்து வாயு எடுத்து அதில் வண்டியை ஓட்டுகிற டிவிஎஸ் கேஸ் பிளாண்ட்டைத் தயாரித்தார். அந்தக் காலத்து டிரைவர்கள் அடுப்பு பற்றவைக்கிற மாதிரி காலையில் பஸ்ஸைத் தயார் செய்திருக்கிறார்கள். பிளக்கைச் சொருகிவிட்டுப் படுக்கப் போகிற நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

மலைக்கு ஏறுமா என்று கேட்பவர்களுக்காகக் கொடைக்கானல் கணக்கு. மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரம். நான்கு பேர் உட்கார்ந்த வண்டி 1,900 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் பத்து யூனிட் வேண்டும். யார் ஓட்டினாலும், எந்த நிறுவனத்து வண்டி என்றாலும் இயற்பியல் கேட்கிற குறைந்தபட்ச விலை அது. 115 கிலோமீட்டர் சாலைக்கு வேண்டியது தனி. ஆக முழு சார்ஜில் கிளம்பினால் மேலே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை ஏறும்போது எண்கள் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்கான கணக்கு இதுதான்.

இறங்குவதுதான் அழகு. மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கொடுத்த பத்து யூனிட்டில் ஆறு, ஏழைத் திருப்பிக் கொடுக்கிறது. பெருமாள்மலையிலிருந்து கீழே வருகிறவரைக்கும் பிரேக்கில் கால் வைப்பது அபூர்வம். மற்ற வண்டிகளில் பிரேக் லைனிங் கருகுகிற வாடை வரும்போது நம் வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மேலே ஹோட்டலில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறாக்கிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடம் இருக்காது, வண்டி சாதாரண பிரேக்கை நம்பத் தொடங்கிவிடும். எண்பதோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

சென்னை வழியில் சார்ஜர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன, பெரும்பாலும் ஹோட்டல்களை ஒட்டி. வீட்டைப்போல இரண்டு மடங்கு விலை, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். குடும்பத்தோடு போகிறவர்கள் சாப்பிட எப்படியும் அவ்வளவு நேரம் நிற்பார்கள். எரிச்சல் தருவது ஒன்றுதான், நிறுவனத்துக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு பணப்பை. சுங்கச்சாவடிக்கு ஒரே ஃபாஸ்டாக் போதும் என்று 2021-ல் நாடு முழுக்கச் செய்து காட்டினோம். சார்ஜருக்கும் அதைச் செய்ய முடியாதா என்ன?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தானாக ஓட்டுமா?

ஓட்டாது. ஓட்டுகிற உங்களுக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 2014-ல் தானியங்கி ஓட்டத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை ஆறு படிகளாகப் பிரித்தது. இன்று நம் ஷோரூம்களில் அடாஸ் என்று பெருமையாகச் சொல்லி விற்பது இரண்டாம் படி. முன்வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பும். மோதப் போகிறோம் என்று தெரிந்தால் பிரேக் அடிக்கும். சாலையைப் பார்க்கிற பொறுப்பு ஒரு நொடிகூட உங்களைவிட்டுப் போவதில்லை.

அதற்குப் பிடித்த சாலை மதுரையிலேயே ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் ரோடு மேம்பாலம், 7.3 கிலோமீட்டர். கோடுகள் பளிச்சென்று இருக்கும், நடுவில் ஆடு வராது, பெட்டிக்கடையிலிருந்து திடீரென்று யாரும் குறுக்கே ஓடி வரமாட்டார்கள். தல்லாகுளத்தில் ஏறினால் மறுமுனை வரைக்கும் வண்டி கோட்டுக்குள் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். அங்கே ஓட்டிக் காட்டினால் யாருக்கும் ஆசை வந்துவிடும். பாலம் இறங்கிய இடத்திலேயே அந்த உலகம் முடிந்துவிடுகிறது என்பதை டெமோ காட்டுகிறவர் சொல்ல வேண்டும்.

நான்குவழிச் சாலையில் எனக்கு மிகவும் கவலை தருவது நின்றுகொண்டிருக்கும் லாரி. திருமங்கலம் தாண்டி விருதுநகர், சாத்தூர் என்று தெற்கே போகிற சாலையில் ராத்திரி ஓட்டியவர்களுக்குத் தெரியும். டயர் வெடித்தோ, டிரைவர் கண்ணசரவோ, இடது ஓரத்தில் பாதி சாலையை அடைத்துக்கொண்டு விளக்கே இல்லாமல் ஒரு லாரி நிற்கும். பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கொப்பும்தான் எச்சரிக்கை. நம் வண்டியில் ரேடார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் ஆபத்து. பல வண்டிகளில் ரேடார், அசையாமல் இருக்கிற பொருள்களை வேண்டுமென்றே ஓரளவு ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்காவிட்டால் ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும், பாலத்துக்கும், சாலையோர இரும்புத் தடுப்புக்கும் பிரேக் அடித்துக்கொண்டே போகும். அதனால் ஓடுகிற லாரியைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிற அதே கருவி, வேகமாகப் போகும்போது நிற்கிற லாரியைக் கவனிக்காமல் விடலாம். வண்டியோடு வருகிற கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். கையேட்டை யாரும் படிப்பதில்லை.

2016 மே மாதம் ஃப்ளோரிடாவில் நடந்தது உலகத்துக்கே பாடமானது. ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்த டெஸ்லா கார், குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரிக்கு அடியில் புகுந்தது. ஓட்டியவர் இறந்துபோனார். குறுக்கே வருகிற வண்டியைக் கண்டுபிடிப்பதற்காக அந்த அமைப்பு வடிவமைக்கப்படவே இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. ஓட்டியவர் அதை அளவுக்கு மீறி நம்பியதையும் காரணமாக எழுதியது. நம்மூரில் குறுக்கே வருவது என்பது சந்திப்புக்குச் சந்திப்பு நடக்கிற காரியம்.

இன்னொன்று, பின்னால் வருகிறவர். வாடிப்பட்டிப் பக்கம் நடுத்தடுப்பு இடைவெளியில் ஒரு பைக் சட்டென்று நுழைந்தபோது என் வண்டி நான் நினைத்ததைவிடப் பலமாகப் பிரேக் அடித்தது. பைக்கில் வந்தவர் தப்பினார், அதில் சந்தேகமில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பஸ் டிரைவர் திறமைசாலி என்பதால் நாங்களும் தப்பினோம். முன்னால் பார்க்கிற கருவிக்குப் பின்னால் என்ன வருகிறது என்ற கவலை இல்லை. நம் டிரைவர்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு அரை பிரேக், அரை விலகல் என்று முடிவெடுப்பார்கள்.

கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள். உளுந்துச் செடியையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிவைத்திருப்பார்கள், போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. மேலூர்ப் பக்கம் பாதி சாலையில் நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருக்கும். கேமராவுக்கு அங்கே கோடே இல்லை. கோடு இருக்கிற இடத்திலோ, குழிக்கு விலகினால் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுகிறாய் என்று அது நினைத்துக்கொள்கிறது. ஆகவே கிராமத்துச் சாலையில் அந்த வசதியை நான் அணைத்துவிடுவேன். மோதல் எச்சரிக்கையையும் அவசரப் பிரேக்கையும் எங்கேயும் அணைப்பதில்லை. பக்கவாட்டில் கண்ணுக்கு மறைவாக வருகிற பைக்கைக் கண்ணாடியில் விளக்குப் போட்டுக் காட்டுகிறதே, அது மதுரைக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் நுழைகிற ஊர் இது.

சத்தமில்லாத வண்டி என்பதும் ஒரு பொறுப்பு. மாசி வீதிகளில் முன்னால் நடக்கிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு விலகிப் பழகியவர்கள். மின்கார் அவர்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை தெரியாது. ஹாரன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். அங்கே நடக்கிறவர் வேகத்துக்கு நாம் இறங்கிவிடுவதுதான் முறை.

கேமராவுக்கு இதெல்லாம் ஏன் தெரியவில்லை? காரணம் எளிது. கணினிக்குச் சாலையைக் காட்டிப் பழக்கிய புகழ்பெற்ற படத்தொகுப்புகளில் 2012-ல் வந்த கிட்டி, ஜெர்மனியின் கார்ல்ஸ்ருவே நகரத்தில் எடுத்தது. 2016-ல் வந்த சிட்டிஸ்கேப்ஸ் ஐம்பது நகரங்கள், பெரும்பாலும் ஜெர்மனி. கோடு போட்ட தெரு, ஓரத்தில் நடைபாதை, தன் தடத்தில் போகிற கார். அங்கே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஷேர் ஆட்டோவில் வெளியே தொங்குகிற காலும், பைக்கில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு போகிற ஏணியும் எப்படிப் புரியும்? நிறுவனங்கள் இங்கே வந்து ஓட்டிப் பார்த்து மாற்றங்கள் செய்கின்றன, அதில் முன்னேற்றம் இருக்கிறது. ஆனாலும் அடிப்படைப் பாடம் வேறு ஊரில் நடந்தது.

இந்தக் குறையை உணர்ந்து ஹைதராபாத் ஐஐஐடி 2018-ல் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு படத்தொகுப்பு வெளியிட்டது. சுமார் 10,000 படங்கள், 182 பயணங்கள், பொருள்களை 34 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கையால் குறித்திருக்கிறார்கள். ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குகளுக்குத் தனி வகை. மிக நல்ல வேலை. ஆனால் அது எடுக்கப்பட்டது ஹைதராபாத், பெங்களூரு நகரங்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும். வைகைச் சமவெளி அதில் இல்லை. காயப்போட்ட நெல் இல்லை, வைக்கோல் ஏற்றி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிற டிராக்டர் இல்லை, ஜல்லிக்கட்டுக் காளையை ஏற்றிய மினி லாரி இல்லை, சித்திரைத் திருவிழாவில் சாலையை நிறைத்து நடந்து வருகிற ஜனம் இல்லை, பங்குனியில் பழனிப் பாதையில் ராத்திரி ஓரமாக நடக்கிற பக்தர்கள் இல்லை. இந்தக் கடைசி இனம் கேமராவுக்குத் தெரிந்தால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதைச் செய்யப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கண்ணாடியில் ஒட்டுகிற ஒரு கேமரா, படங்களில் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் குறிக்கிற மாணவர்கள், வழிகாட்ட ஒரு பேராசிரியர் போதும். திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது, மந்திரம் படித்த பல்கலைக்கழகம் இந்தப் பக்கம் இருக்கிறது, சுற்றி இன்னும் எத்தனையோ கல்லூரிகள். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிற பிள்ளைகள் யாராவது இதை எடுத்தால் என் வண்டியைத் தருகிறேன், ஓட்டுவதும் நானே. சார்ஜ் செலவு என்னுடையது. முதல் ஓட்டத்துக்கு வழியும் யோசித்து வைத்திருக்கிறேன்: அறுவடை நேரத்தில் காலை ஆறு மணிக்கு மேலூர், அங்கிருந்து கொட்டாம்பட்டி, நத்தம், திரும்ப அந்த மேம்பாலம் வழியாகத் தல்லாகுளம்.